வானத்துக் கர்ணம்

முன்வரிசையில் மாணவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள்; வயல்வேலையை அரைநாள் ஒத்திவைத்துவிட்டு வந்த பெரியவர்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள்.

நிலம் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது இன்றைய தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் ராக்கெட்டிலிருந்து தொடங்குவேன் என்று மாணவர்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. நான் அடங்கலிலிருந்து தொடங்குகிறேன்.

அடங்கல் என்றால் என்ன? பின்வரிசைக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன்வரிசைக்குச் சொல்கிறேன். கிராமக் கணக்கு எண் 2. ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை 1 தொடங்கி அடுத்த ஜூன் 30 முடிய, எந்த சர்வே எண்ணில் எந்தப் பயிர் நின்றது, எது தரிசாகக் கிடந்தது என்று எழுதி வைக்கும் பதிவேடு. ஒரு கிராமத்தின் முப்பது வருட அடங்கலை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். நெல், நெல், நெல், கரும்பு, கரும்பு, தரிசு, தரிசு, தரிசு. அப்புறம் அந்த எண் உட்பிரிவாகி முப்பது துண்டாகியிருக்கும். என்ன நடந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு குடும்பத்தின் கதை, ஒரு கால்வாயின் கதை, ஒரு நெடுஞ்சாலையின் கதை, மூன்றும் அந்த ஒரே பத்தியில் இருக்கின்றன.

ஆனால் அடங்கலை எழுதிய அந்தக் காலத்துக் கிராமக் கணக்கர்களான கர்ணங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வயலுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்தே அடங்கல் எழுதிவிடுவார்களாம். போன பசலியில் நெல்லா, இந்தப் பசலியிலும் நெல்! எல்லோரும் அப்படி இல்லை. வரப்பு வரப்பாக நடந்தவர்களும் உண்டு. 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் முறையே போய்விட்டது. நான் சொல்ல வந்தது வேறு ஒரு கர்ணத்தைப் பற்றி.

1972 ஜூலை 23. அமெரிக்கா ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. பின்னாளில் அதற்கு லாண்ட்சாட் 1 என்று பெயர். தொள்ளாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து, பதினெட்டு நாளுக்கு ஒருமுறை, பூமியின் அதே இடத்துக்கு மேலே வந்து நின்று கணக்கு எழுதிய முதல் கர்ணம் அதுதான். அதில் இரண்டு கருவிகள் இருந்தன. பெரிய நம்பிக்கை வைத்திருந்தது கேமராவின் மேல். இன்னொன்று, ஒரு கண்ணாடியை இப்படியும் அப்படியும் ஆட்டி நிலத்தை வரி வரியாக வருடிப் பார்க்கும் கருவி. வர்ஜீனியா நார்வுட் என்ற பெண் பொறியாளரின் வடிவமைப்பு. கண்ணாடி ஆடிக்கொண்டே இருந்தால் படம் சரியாக வருமா என்று பலருக்கும் சந்தேகம். மாதிரிக் கருவியை ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கலிபோர்னியாவின் மலைகளைப் படமெடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? விண்ணுக்குப் போன சில வாரங்களிலேயே மின்கோளாறால் கேமரா கண்மூடிவிட்டது. ஆடும் கண்ணாடிதான் வருடக்கணக்கில் உலகத்தை வருடிக்கொண்டிருந்தது.

இந்தக் கர்ணம் எவ்வளவு சின்ன நிலத்தைப் பார்க்கும்? பிக்சல் என்று சொல்கிறார்களே, அதை நம் அளவையில் சொல்கிறேன். முதல் லாண்ட்சாட்டின் ஒரு கட்டம் சுமார் 80 மீட்டர்; ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அதற்குள் நெல்லும் களமும் மோட்டார் கொட்டகையும் இருந்தாலும் மூன்றையும் கலக்கி ஒரே நிறமாகக் காட்டும். 1984இல் லாண்ட்சாட் 5 வந்தது. கட்டம் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். 1988இல் நம்முடைய ஐ.ஆர்.எஸ். 1ஏ, சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து பறந்தது. அதன் நுட்பமான கருவிக்கு ஒரு கட்டம் 36 மீட்டர், சுமார் 32 சென்ட். 2015இல் ஐரோப்பியர்களின் சென்டினல் 2. கட்டம் 10 மீட்டர், இரண்டரை சென்ட், அரை கிரவுண்டுக்கும் குறைவு! ஏக்கரில் தொடங்கியவர் மனைக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார்.

அந்த லாண்ட்சாட் 5ஐப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். 2013 வரைக்கும், ஏறத்தாழ 29 வருடம் உழைத்தது. அரசு வேலையில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை!

இவர் நிலத்தை எப்படி அடையாளம் காண்கிறார்? இதற்கு நம் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1970. கேரளத்தில் தென்னையில் வேர்வாடல் நோய். பிஷரோட்டி என்ற அறிஞர், இந்தியத் தொலையுணர்வியலின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர், ஒரு ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் படச்சுருளோடு தோப்புகளுக்கு மேலே பறந்து படமெடுக்க வைத்தார். நல்ல இலை நம் கண்ணுக்குப் பச்சை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது பச்சையைவிடப் பல மடங்கு அதிகமாக எதிரொளிக்கிறது. மரம் நோயில் விழுந்தால் அந்த ஒளி குறைகிறது. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குச் சந்தேகமாகத் தெரிந்தது, மேலிருந்து எடுத்த படத்தில் நிறம் மாறித் தெரிந்தது. இந்தியாவில் தொலையுணர்வு ராக்கெட்டில் ஏறுவதற்கு முன் தென்னை மரத்தில் ஏறியது.

அதனால்தான் செயற்கைக்கோள் எடுக்கும் இந்தப் படங்களில் வயல் சிவப்பாக இருக்கும். மாணவர்கள் முதல்முறை பார்க்கும்போது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். தீ இல்லை, அது உயிர். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறோம், அவ்வளவுதான். தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும், அதனால் கருப்பு. ஊர் சாம்பல் கலந்த நீலம். மணல் வெள்ளை.

சரி, 1990இல் ஒரு படம், 2020இல் ஒரு படம். சிவப்பு இருந்த இடத்தில் இப்போது சாம்பல். வயல் ஊராகிவிட்டது. கணக்கு முடிந்ததா? இவ்வளவுதானா இந்த வித்தை?

அப்படி நினைத்துத்தான் நானும் ஒருமுறை அகப்பட்டுக்கொண்டேன். படிப்பு முடித்த புதிது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வட்டாரத்துக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாரிக்கும் வேலை. பழைய படத்தையும் புதிய படத்தையும் மேசையில் வைத்து ஒப்பிட்டேன். ஓரிடத்தில் முன்பு கருப்பு, தண்ணீர். இப்போது அடர்ந்த சிவப்பு, மரங்கள். எனக்கு ஒரே உற்சாகம். காடு வளர்ந்திருக்கிறது! பச்சைப் பென்சிலை எடுத்து, ‘காடு’ என்று எழுதித் தீட்டிவிட்டேன். பிறகு சரிபார்க்க நேரில் போனேன். கரையின்மேல் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டி, “ஐயா, இந்தக் காடு எப்ப வந்துச்சு?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நீ நிக்கிறது ஏரிக்கரை. இது காடு இல்ல, ஏரி. அரசாங்கத்துல கருவேல மரம் வச்சாங்க. மழை பேஞ்சா மரம் கழுத்தளவு தண்ணியில நிக்கும்” என்றார். ஏரிகளின் உட்புறத்தில் வனத்துறை கருவேலம் நட்டுவைக்கும் திட்டம் அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது, பட்டதாரிக்குத் தெரியவில்லை.

அன்று நான் செய்த பிழை எது? பென்சிலில் இல்லை. என் படம் மே மாதத்துப் படம். மே மாதத்தில் தண்ணீர் இல்லை, மரம் இருந்தது. ஆனால் தமிழில் ஏரி என்று சொன்னால் மே மாதத்திலும் அது ஏரிதான்! வறண்டு கிடந்தாலும் ஏரி, நிரம்பி வழிந்தாலும் ஏரி. நம் ஊரில் நிலத்தின் பெயருக்குள் ஒரு முழு வருடம் அடங்கியிருக்கிறது. படத்துக்குள் அடங்கியிருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இந்தத் துறையின் பாதிச் சிக்கல்கள் விழுந்து கிடக்கின்றன. டிசம்பர்ப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டின் ஏரிகளில் பாதியை ஆக்கிரமிப்பாளர்கள் விழுங்கிவிட்டதாகத் தெரியும். அடுத்த டிசம்பரில் எல்லாம் திரும்பி வந்துவிடும்!

இன்னொரு சிக்கல், கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்தது. ஒரு வரைபடம் நூற்றுக்கு 85 சரி என்று வையுங்கள். நல்ல வரைபடம். இன்னொரு வருடத்து வரைபடமும் 85. இரண்டையும் ஒப்பிட்டு எது மாறியது என்று சொன்னால், அந்த விடை எவ்வளவு சரி? 85 இல்லை. 85ஐ 85ஆல் பெருக்க வேண்டும். நூற்றுக்கு 72தான். உண்மையில் அந்த வட்டாரத்தில் மாறியதோ நூற்றில் மூன்று பங்கு நிலமாக இருக்கலாம். மாற்றம் மூன்று, பிழைக்கு இடம் இருபத்தெட்டு! செய்தித்தாளில் ‘செயற்கைக்கோள் காட்டுகிறது’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெருக்கல்தான் நினைவுக்கு வரும்.

அப்படியானால் இந்த வித்தை பொய்யா? இல்லை. 2008இல் ஒரு திருப்பம் வந்தது. அதுவரை ஒரு லாண்ட்சாட் படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். கையில் காசுக்கு ஏற்ப இரண்டு படம், மூன்று படம் வாங்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருடம் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் கிடங்கிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் இலவசமாக்கியது. கதவு திறந்ததும் என்ன ஆயிற்று? இரண்டு படத்தை ஒப்பிட்டவர்கள் இருநூறு படத்தை ஒப்பிடத் தொடங்கினார்கள். 2013இல் ஓர் ஆய்வுக் குழு ஆறரை லட்சம் லாண்ட்சாட் படங்களைக் கணினியில் ஓட்டி, உலகம் முழுவதும் காடு எங்கே அழிந்தது, எங்கே வளர்ந்தது என்று 22 சென்ட் கட்டம் கட்டமாக வெளியிட்டது.

இருநூறு படம் இருந்தால் என்ன தெரியும்? வயலின் மூச்சு தெரியும். காவிரிப் பாசன வயலைப் பாருங்கள். அக்டோபரில் சேற்றுத் தண்ணீர், கருப்பு. நவம்பர், டிசம்பரில் ஏறும் சிவப்பு. தை பிறந்து அறுவடை ஆனதும் சட்டென்று இறக்கம். இது சம்பா. பக்கத்திலேயே சீமைக் கருவேல். அதுவும் சிவப்புத்தான். ஆனால் அது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மே மாத வெயிலிலும் அப்படியே நிற்கும். ஒரு படத்தில் இரண்டும் ஒன்று; ஒரு வருடத்துப் படங்களில் இரண்டும் வேறு. வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைத்தால்? ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் அந்த ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணக்கிட்டுப் பயிர்க்காப்பீட்டுக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். பின்வரிசையில் சிலர் தலையாட்டுகிறீர்கள். இழப்பீடு வந்ததா வரவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை!

நண்பர்களே, இப்போது உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். பிரேசில் நாடு, ரொண்டோனியா மாநிலம். அமேசான் காட்டின் தென்மேற்கு மூலை. காட்டுக்கு நடுவே ஒரு நெடுஞ்சாலை. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி விட்டுக் கிளைச்சாலைகள். ஒவ்வொரு கிளையிலும் குடியேறியவர்கள் ஆளுக்கொரு துண்டாகக் காட்டை வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? தின்று முடித்த மீனின் முள்ளைப்போல! நடுவே ஒரு தண்டு, இரண்டு பக்கமும் முட்கள். வருடம் ஏற ஏற முட்கள் தடித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நடுவில் இருந்த காடு காணாமல் போயிற்று.

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் வருடந்தோறும் இந்த வெட்டைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து ஊருக்குச் சொல்கிறது. 2004இல் ஒரே வருடத்தில் அமேசானில் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கைவிட அதிகம், ஒரே வருடத்தில்! அந்த ஆண்டே உடனுக்குடன் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார்கள். படம் காட்டிய இடத்துக்கு அதிகாரிகள் போனார்கள். அபராதம், பறிமுதல், கடன் நிறுத்தம். 2012இல் வெட்டு 4,571 சதுர கிலோமீட்டராக இறங்கியது. படம் மட்டும் காப்பாற்றவில்லை, படத்தை நம்பிப் போன ஆட்கள் காப்பாற்றினார்கள். வெட்டியவர்களும் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கைக் கருவி 25 ஹெக்டேருக்குக் குறைந்ததைப் பார்க்காது என்று இருந்தபோது, வெட்டுகள் சின்னச் சின்னத் துண்டுகளாயின. கள்ளனும் வானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டான்!

2019இல் வெட்டு மறுபடி ஏறுவதைப் படங்கள் காட்டின. அந்த நாட்டின் அப்போதைய அதிபர் பொல்சொனாரோ, கணக்கே பொய் என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ, கணக்கு சரி என்று வெளிப்படையாகப் பதில் சொன்னார். ஆகஸ்டில் அவருடைய பதவி போயிற்று. செயற்கைக்கோள் என்ன செய்தது? தன் பாட்டுக்குச் சுற்றிவந்து அடுத்த படத்தை அனுப்பியது. கர்ணத்தை மாற்றலாம், அடங்கல் வேறொருவர் கையிலும் இருக்கிறதே! அந்தப் படங்கள் உலகத்தில் யாருக்கும் இலவசம். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம்.

அந்த மீன்முள்ளை மறக்காதீர்கள். ஏனென்றால் இப்போது உங்களுக்கு இன்னொரு மீன்முள் காட்டப்போகிறேன். பிச்சாவரம்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடும் இடம். சுரபுன்னையும் வெண்கண்டலும் நிற்கும் அலையாத்திக் காடு. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டி விற்றார்கள். திரும்ப முளைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. முளைக்கவில்லை. ஏன்? மரம் போன இடத்தில் வெயில் விழுந்தது. சேறு காய்ந்து உள்வாங்கிக் குழி விழுந்தது. அலையேற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு உப்பாகப் படிந்தது. அந்த உப்பில் கண்டல் விதைகூட முளைக்காது. படத்தில் பார்த்தால் சிவப்புக்கு நடுவே வெளுத்துப்போன வட்டங்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து என்ன செய்தார்கள்? கால்வாய் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மீன்முள் வடிவம்! அலை உள்ளே வந்தது, அலை வெளியே போனது, உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் நட்டார்கள். 1986ஆம் ஆண்டுப் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது.

ரொண்டோனியாவில் ஒரு மீன்முள். பிச்சாவரத்தில் ஒரு மீன்முள். மேலேயிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் தண்டும் முள்ளும்தான். ஒரு முள்ளில் காடு செத்தது, ஒரு முள்ளில் காடு எழுந்தது. வெட்டியது யார், எதற்காக வெட்டினார் என்பதைப் படம் சொல்லுமா? சொல்லாது. அது காட்டுவது நிலத்தின் போர்வையை. நிலத்தின் பயன்பாட்டை அல்ல.

போர்வை வேறு, பயன்பாடு வேறு. இதற்கு நீங்கள் பிரேசில் போக வேண்டாம், பைபாஸ் ரோட்டுக்குப் போனால் போதும். வெள்ளைக்கல் நட்ட மனைப்பிரிவுகள். நெல் விளைந்த நிலம். இப்போது விற்றாகிவிட்டது, பெயர்ப்பலகை வைத்தாகிவிட்டது, பத்து வருடமாக யாரும் வீடு கட்டவில்லை. கோரைப்புல் முளைத்து ஆடு மேய்கிறது. செயற்கைக்கோள் என்ன சொல்லும்? புல்வெளி. அல்லது தரிசு. ஆனால் அந்த நிலம் இனி ஒருநாளும் நெல்லுக்குத் திரும்பாது என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும்.

காட்டுக் கணக்கிலும் இதே கதைதான். நம் நாட்டு வன அளவைத் துறை 1987 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காடுகளின் நிலை அறிக்கை வெளியிடுகிறது. அதில் வனப்பரப்பு என்றால் என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், மரக்கிளைகளின் நிழல் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் அதில் வரும், மாந்தோப்பும் வரும். அவர்கள் ஒளித்து வைக்கவில்லை, அறிக்கையிலேயே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

அதைவிடப் பொல்லாத சொல் ஒன்று உண்டு. தரிசு. நாட்டின் தரிசு நிலங்களைச் செயற்கைக்கோள் படம் பார்த்து வகைப்படுத்தி ஒரு வரைபட ஏடே போட்டிருக்கிறார்கள். அந்த வகைகளில் சதுப்பும் ஒன்று! சதுப்பு நிலம் தரிசா? பள்ளிக்கரணைக்குப் போய்க் கேளுங்கள். ஒருகாலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த கழுவெளி. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் அங்கே வந்து ஆறி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகும். டிசம்பரில் அதைப் படமெடுத்தால் ஏரி. மார்ச்சில் எடுத்தால் கோரைப்புதர். ஜூனில் எடுத்தால் வெடித்துக் கிடக்கும் வெறும் தரை. மூன்று படம், மூன்று பெயர். கழுவெளி என்ற நான்கெழுத்துத் தமிழ்ச்சொல்லுக்குள் அந்த மூன்றும் இருந்தன. சொல்லை விட்டோம். பயனற்ற நிலம் என்று காகிதத்தில் எழுதினோம். குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கண்ணாடிக் கட்டடம் கட்டினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தபோது, வீட்டுக்குள் நாம் இருந்தோம். மிஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாயிற்று. 2022இல் 1,248 ஹெக்டேர், ராம்சர் உடன்படிக்கையின் கீழ் வரும் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த இழப்பை வருடம் வருடமாகக் காட்டும் லாண்ட்சாட் படங்கள் கிடங்கில் இருந்துகொண்டேதான் இருந்தன.

நேரமாகிறது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேசியது போதும். என்னிடம் நான்கு படங்கள் இருக்கின்றன. எல்லாம் இந்த வட்டாரம்தான். எல்லாம் ஜனவரி மாதத்துப் படங்கள். மே மாதப் படம் எடுத்துவந்து இன்னொருமுறை அகப்பட நான் தயாராக இல்லை. முதல் படம் 1991. கடைசிப் படம் இந்த வருடம். அதில் ஆறு இடங்களில் வட்டம் போட்டிருக்கிறேன். அங்கெல்லாம் நிறம் மாறியிருக்கிறது. எங்கே மாறியது, எந்த வருடம் மாறியது என்று என்னால் சொல்ல முடியும். ஏன் என்று எனக்குத் தெரியாது.

மாணவர்களே, முன்வரிசையைக் கொஞ்சம் காலி செய்யுங்கள். பெரியவர்கள் எல்லோரும் முன்னே வாருங்கள். தம்பி, அந்த விளக்கை அணைத்துவிடு.